நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம்

மகளே,

வரும் புதன்கிழமை காலை நடுவர் நீதிமன்றத்தில் நான் சத்தியம் செய்து ஒரு செய்தியைச் சொல்லப்போகிறேன். அதை நீ அங்கே, பிறர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, முதல்முறையாகக் கேட்கக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன். நீ திருச்சி விடுதிக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. அம்மாவிடம் பேசுகிறாய், என்னிடம் பேசுவதில்லை. அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நீ என்மீது கொண்டிருக்கும் கோபம் பாதி உண்மையின் மேல் நிற்கிறது. மீதிப் பாதியையும் உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். கோபம் கூடினாலும் அது முழு உண்மையின் மேல் நிற்கட்டும்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பெரம்பலூரில் உரிமையியல் வழக்குகள் நடத்தியவன் நான். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கிரய ஒப்பந்தம் ஆகியவைதான் என் உலகம். எனவே இக்கடிதத்திலும் என் வழக்கப்படி சில எல்லைகளை வைத்துக்கொள்கிறேன். காவல் ஆய்வாளரின் பெயரையோ நிலையத்தின் பெயரையோ எழுதமாட்டேன். அவை உன் புகார் மனுவில் இருக்கின்றன, அங்கே இருப்பதே முறை. நான் நேரில் கண்டதை நேரில் கண்டதாகவும், நீ சொல்லிக் கேட்டதை நீ சொன்னதாகவும் எழுதுவேன். இதை உன் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். சாட்சியம் முடிந்த பிறகு இது யார் கைக்குப் போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன்னைப் பற்றி நான் எழுதிய முந்தைய பக்கம் அரசு அலுவலகக் கோப்பில் எவரும் படிக்கும்படி கிடக்கிறது. இதை மட்டும் ஒளித்து வைப்பதில் நியாயம் இல்லை.

அந்த நாளை நீ எனக்கு ஒருமுறைதான் சொன்னாய். எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. நீ வேலை பார்த்த பள்ளியின் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் தார்ப்பாய் போடாமல், பள்ளி விடும் நேரத்தில் போகின்றன என்று மூன்று திங்கட்கிழமைகள் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தீர்கள். நான்காவது வாரம் அந்த ஊர்ப் பெண்களோடு நீயும் சாலையில் உட்கார்ந்தாய். எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். நம் பக்கத்தில் மறியல் என்றால் மண்டபம்தான். மதியம் சோறு போட்டு மாலையில் விட்டுவிடுவார்கள். அதை யாரும் சிறை என்று நினைப்பதில்லை, சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று யாரும் கேட்பதும் இல்லை. முந்தைய நாள் முகூர்த்தத்தின் பூவளைவு வாசலில் வாடிக்கொண்டிருந்தது என்றாய். மேடையில் மணப்பெண்ணுக்குப் போட்ட சிவப்பு நாற்காலியில் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார் என்றாய். உன் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீ மேடைக்குப் போய் அவரிடம், "கைதுன்னா எழுதிக் குடுங்க சார். கைது இல்லன்னா கதவத் தொறந்து விடுங்க" என்று சொன்னாய். அவர் எழுந்து உன்னை அறைந்தார். உதடு கிழிந்தது. மற்றவர்களை மண்டபத்திலேயே விட்டுவிட்டு உன்னை மட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நீ அவரிடம் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களும் நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தவை. நீ கல்லூரியில் படிக்கும்போது, சாப்பாட்டு மேசையில், மிகவும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அன்று பிற்பகல் நாலரை மணிக்கு நான் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு அவற்றில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

இதுவரை நடந்தது உனக்குத் தெரியும். உள்ளறையில் நடந்தது தெரியாது. நீ வெளியே பெஞ்சில், ஒரு பெண் காவலரின் பக்கத்தில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஆய்வாளர் எழுந்து நின்று என்னை வரவேற்றார். "வாங்க சார், வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டுமா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "பொம்பளப் புள்ள சார். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னு இருக்கு. கேஸ்ல பேரு எழுத வேணாம்னுதான் பாக்குறேன். என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகளே, இந்த இடத்தை நிதானமாகப் படி. அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு வெள்ளைத் தாள் குடுங்க" என்று கேட்டது நான்.

ஒரே மூச்சில் எழுதினேன். உன் பெயரில், நீயே சொல்வது போல எழுதினேன். உன்னை யாரும் கட்டாயப்படுத்தி அழைத்து வரவில்லை என்று எழுதினேன். யார் மீதும் உனக்குப் புகார் இல்லை என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருந்தால்கூட அது நூற்றோடு நூற்றொன்றாக ஒரு கோழைத்தனமாகப் போயிருக்கும். நான் நிறுத்தவில்லை. உன் உதட்டை நாளை யாராவது பார்த்துக் கேட்பார்களே, தாளில் ஓட்டை இருக்கக் கூடாதே என்று என் தொழில் புத்தி யோசித்தது. 'கூட்ட நெரிசலில் கால் இடறிக் கீழே விழுந்ததில் உதட்டில் சிறு கீறல் ஏற்பட்டது' என்ற வரியை நானே சேர்த்தேன். ஆய்வாளர் வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். "நாங்க எழுதுனா இவ்வளவு சுத்தமா வராதுங்க சார்" என்றார். அப்போது ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

பிறகு வெளியே வந்து உன்னிடம் தாளை நீட்டினேன். "போன் குடுக்குறாங்க, ஒரு கையெழுத்துப் போடு" என்றேன். நீ தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். "நீங்க எழுதுனதுதானப்பா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். போட்டுவிட்டாய். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று எத்தனையோ கட்சிக்காரர்களை நான் அதட்டியிருக்கிறேன். அன்று உன்னைப் படிக்கவிடக் கூடாது என்பதற்காகவே பேனாவை மூடி கழற்றிக் கையில் கொடுத்தேன்.

ஒரு வாரம் போனது. பிறகு வழக்குப் போட வேண்டும் என்றாய். அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆனால் மகளுக்கு நானே வழக்கறிஞராக நிற்பது முறையல்ல என்று காரணம் சொன்னேன். காரணம் சரிதான், ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. என் நண்பர்களிடம் போனோம். முதல் நண்பர் உன் எதிரிலேயே சொன்னார்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு என் கட்சிக்காரன உள்ள வெச்சிட்டாங்கன்னா நான் போயி நிக்கிறது அதே ஸ்டேஷன் வாசல்லதான்." அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவர் உண்மையைச் சொன்னார். இரண்டாமவர் வழக்குக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு இருபது நாள் திறக்கவே இல்லை. ஒரு நாள் அரியலூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அவர் அதே ஆய்வாளரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை நாம் இருவரும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தோம். "இவரு நமக்கு வக்கீலா, அவருக்கு வக்கீலா?" என்று கேட்டாய். சிறிய ஊரில் அப்படித்தான், எல்லோரும் எல்லோரோடும் டீ குடித்தாக வேண்டும் என்றேன். "அப்ப டீ குடிக்காத வக்கீல் யாருப்பா?" என்றாய். எனக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும். அவரிடம் போக எனக்கு முகம் இல்லை.

ஜெயங்கொண்டத்தில் உரக்கடை மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் அந்த அம்மையாரை நாங்கள் வழக்கறிஞர் சங்க அறையில் எப்படியெல்லாம் கேலி பேசியிருக்கிறோம் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு சுடுகாட்டுப் பாதை கேட்டுக் கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்காக அவர் ஒரு வழக்குப் போட்டார். பாதை போன வயலின் சொந்தக்காரருக்கு நான் நின்றேன். பாதை இருந்தது என்பது எனக்குத் தெரியும், ஊரே அறியும். ஆனால் அவர் மனுவில் புல எண்ணின் உட்பிரிவு தவறாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்யவைத்தேன். தாழ்வாரத்தில் என் எதிரே வந்து நின்று, "ஜெயிச்சிட்டீங்க சார். பொணம் எந்த வழியா போவும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார். பக்கத்தில் நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்லத் தெரியாதவன் சிரிப்பான் என்பது அப்போது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த மாடிப்படியில் உன்னோடு ஏறிய நாள் உனக்கு நினைவிருக்கும். பெஞ்சில் மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து வந்த நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி உன்னைப் பார்த்து, "ஒங்களுக்கும் போலீஸ் கேஸாம்மா? பயப்படாத, வக்கீலம்மா திட்டும், ஆனா விடாது" என்றாள். ஒரு வழக்கறிஞரைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் வழக்கறிஞர் சங்கத்தில் விசாரிக்காதே, அவர் வாசலில் காத்திருப்பவர்களிடம் விசாரி என்பதை அன்றுதான் கற்றேன். உள்ளே போனதும் நான் பழைய வழக்கைத் தொட்டு மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். "திரும்பப் போட்டோம், பாதை வந்துடுச்சு. அத விடுங்க சார். உங்க பொண்ணுதான் என் கட்சிக்காரர். அவங்க பேசட்டும்" என்றார். நீ எல்லாவற்றையும் சொன்னாய். அவர் உன்னிடம் வழக்கின் பலத்தைக் கேட்கவில்லை. ஜெயித்துத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு எதிரா இருக்கிற பேப்பர் எது? அத மொதல்ல குடுங்க" என்றார்.

என் தொழிலில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது. அனுபவம் என்பது அந்தக் கேள்விதான். நீ யோசித்துவிட்டு, "அப்படி எதுவும் இல்லைங்க மேடம். போன் வாங்க ஒரு கையெழுத்து போட்டேன், அவ்வளவுதான்" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். "சார்?" என்றார். நான் இல்லை என்று தலையசைத்தேன். முதல் பொய்யை அச்சத்தில் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தலையசைப்புக்கு அந்தச் சாக்கும் இல்லை. அந்த அறையில் என்னை யாரும் மிரட்டவில்லை.

பிறகு நடந்தது நீ அறிந்ததே. அவர் அனுப்பிய புகாருக்குக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மனுதாரரே எழுதிக் கொடுத்திருப்பதால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று ஒரு வரி, அதோடு அந்தத் தாளின் நகல். அவர் மாடியில் அதை வாங்கிப் பார்த்ததும் நீ என் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டாய். முழுவதும் படித்தாய். கீழே இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். அங்கே நின்றுகொண்டு, "யாருப்பா சொல்லி இத எழுதுனீங்க?" என்று கேட்டாய். "இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதுனேம்மா. வேற வழி இல்ல" என்றேன். நீ அதை நம்பினாய். நம்பியதால்தான் நடுவர் நீதிமன்றத்தில் போட்ட உன் மனுவின் ஏழாவது பத்தியில் 'ஆய்வாளர் சொல்லச் சொல்ல என் தந்தை எழுதினார்' என்று வந்தது. அடிபணிந்த தகப்பன் என்று என்மீது கோபப்பட்டுத் திருச்சிக்குப் போய்விட்டாய். நான் அடிபணியவில்லை, மகளே. அடிபணிய யாரும் கேட்கும் முன்பே எழுதிக் கொடுத்தேன். உன் ஏழாவது பத்தி பொய். அது என் பொய். அதில் உன் கையெழுத்தை இரண்டாம் முறையாக வாங்கியிருக்கிறேன்.

சென்ற வாரம் தனியாக ஜெயங்கொண்டம் போய் உன் வழக்கறிஞரிடம் இதைச் சொன்னேன். அவர் மனுவை எடுத்து ஏழாவது பத்தியைப் பேனாவால் சுழித்தார். "இது கேஸுக்குக் கஷ்டம்தாங்க சார். ஆனா பொய்யில நின்னு படுற கஷ்டத்தவிட இது தேவல. திருத்தம் போட்டுக்கலாம். நீங்க கூண்டுல ஏறி நடந்தத நடந்தபடி சொல்லுங்க" என்றார். என் மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "நான் எதுக்குச் சொல்லணும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க சொல்லிடுங்க. சொல்லலன்னா திங்கக்கிழமை காலைல நான் சொல்லிடுவேன். உங்க மானத்தக் காப்பாத்துறதுக்கு அவங்க எனக்கு வக்காலத்து குடுக்கல" என்றார். எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். ஒரு வழக்கறிஞருக்கு நான் எழுந்து நின்று கும்பிட்டது அதுவே முதல் தடவை. நீ நல்ல ஆளைப் பிடித்திருக்கிறாய். இந்த வழக்கு எப்படி முடிந்தாலும் அவரை விடாதே. நான் சொல்வதற்கு எதிராக அவர் ஒன்று சொன்னால் அவர் சொல்வதைக் கேள்.

இதற்கிடையில் செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. நேற்றுக் காலை சங்கப் பொறுப்பாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "சார், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். புதன்கிழமை உடம்பு சரியில்லன்னு சும்மா இருந்தாலே போதும். அந்தப் பேப்பர் அப்படியே நின்னுடும்" என்றார். உடனே அடுத்த படிக்குப் போனார். "பொய்யா எழுதிக் குடுத்தேன்னு வக்கீலே கோர்ட்ல சொன்னா பார் கவுன்சில் சும்மா இருக்குமா? தொழில் பண்ற சன்னதுக்கே கேடு சார். இந்த வயசுல இது தேவையா?" என்றார். உன் அம்மா தம்ளரை எடுக்க வந்தவள் அங்கேயே நின்றாள். "அவ ஒதட்டுக்கு மூணு நாளு நான்தான் மருந்து போட்டேன். இவரு சன்னதுக்கு நீங்க மருந்து போடுங்க" என்றாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

அவர் சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை. சட்டப்படி எடைபோட்டேன். என் மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம். வரட்டும். தொழில் செய்யும் உரிமையைச் சில காலம் நிறுத்தலாம். நிறுத்தட்டும். எந்த நிலைய வாசலிலும் இனி எனக்கு நாற்காலி போடமாட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அது போனால் போகட்டும். பார் கவுன்சிலுக்கு என் விளக்கத்தை நானே தயார் செய்துவிட்டேன். அதில் மன்னிப்பு கேட்கவில்லை. பொய் எழுதியதற்குத் தண்டியுங்கள், பொய்யைத் திருத்தியதற்குத் தண்டிக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது என்று எழுதியிருக்கிறேன். மன்னிப்பு கேட்க வேண்டிய இடம் ஒன்றுதான். அதை இக்கடிதத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டு கூண்டில் ஏறினால், அது சாட்சியத்துக்கு வாங்கிய கூலி போலாகிவிடும். ஆகவே கேட்கவில்லை. நீ கொடுக்கவும் வேண்டாம்.

உனக்கு ஒன்று மட்டும் சொல்வேன். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதால் இதை ஒரு தவறு செய்தவனின் வாக்குமூலமாக எடுத்துக்கொள். பிரச்சினையை முடித்துக் கொடுப்பவன்தான் நல்ல வழக்கறிஞன் என்று நான் நம்பினேன். எல்லாத் தகராறையும் ஒரு தாளில் எழுதி மடித்துவிடலாம் என்று நினைத்தேன். வரப்புக்கு அது சரி. ஒரு மனுஷியின் முகத்தில் விழுந்த அடியை அப்படி மடிக்க முடியாது. மடித்தால் அடுத்தவள் முகத்தில் விழும். அந்த மண்டபத்தில் அன்று இருந்த பெண்களில் யாரும் அதற்குப் பிறகு சாலையில் உட்காரவில்லை என்று உன் வழக்கறிஞர் சொன்னார். வக்கீல் மகளுக்கே இதுதான் கதி என்று பேசிக்கொள்கிறார்களாம். என்னுடைய அந்த ஒரு பக்கம் உன் வழக்கை மட்டும் கெடுக்கவில்லை. லாரிகள் இன்றும் தார்ப்பாய் இல்லாமல்தான் போகின்றன.

புதன்கிழமை நான் கறுப்பு அங்கி இல்லாமல் வருவேன். வெள்ளை வேட்டி, சட்டை. சாட்சியின் உடை அதுதான். என் பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறுவேன். உன் பக்கம் பார்க்கமாட்டேன்; சாட்சி நடுவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், அதுவே முறை. தாளைக் காட்டி இதிலுள்ள எழுத்து யாருடையது என்று கேட்பார்கள், என்னுடையது என்பேன். யார் சொல்லி எழுதினீர்கள் என்று கேட்பார்கள், யாரும் சொல்லவில்லை என்பேன். அப்படியானால் இதில் எழுதியிருப்பது உண்மைதானே என்று எதிர்த்தரப்பில் யாராவது சிரித்துக்கொண்டே எழுந்திருக்கலாம். எழுந்திருக்கட்டும். எத்தனை பேர் வேண்டுமானாலும் எழுந்திருக்கட்டும்.

என் மகள் கீழே விழவில்லை என்று சொல்வேன்.

அப்பா